ரத்தத்தில் கிருமி: எந்த மருத்துவரை, எப்போது, எப்படித் தேடுவது

"ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்று மருத்துவமனையில் சொன்னவுடன் வீட்டார் பெரும்பாலும் ரத்த நோய் நிபுணரைத்தான் தேடி ஓடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டிருந்த அப்பாவுக்கு, இயந்திரத்தில் இணைத்த அரை மணி நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம் வந்தது; மூன்று போர்வை போர்த்தியும் அடங்காமல் 103 டிகிரி காய்ச்சலில் போய் முடிந்தது. மறுநாளே மாமா எங்கெங்கோ சொல்லி, சென்னையில் பெயர்பெற்ற ரத்த நோய் மருத்துவர் ஒருவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார். அந்த மருத்துவர் கோப்பைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரத்தசோகை, உறைதல் கோளாறு, ரத்தப் புற்றுநோய் ஆகியவைதான் தம் துறை என்றும், கிருமிக்கு ரத்தம் வெறும் வழிதான் என்பதால் அது குடியிருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்கிற ஆளைப் பாருங்கள் என்றும் சொல்லி, கட்டணம்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார். ஒன்றரை நாள் வீணானதுதான் மிச்சம்.

அவர் சொன்ன ஆள் தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவர். மருத்துவமனைக்குள் அவரை "ஐ.டி. டாக்டர்" என்றோ "இன்ஃபெக்‌ஷன் டாக்டர்" என்றோ சொல்வார்கள். பெயர்க் குழப்பம் இதோடு நிற்பதில்லை. தொற்றுநோயியல் என்பது ஊரில் நோய் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் வேறொரு துறை. சென்னை தண்டையார்பேட்டையில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனையோ காலரா, தொண்டை அடைப்பான் போன்ற ஒட்டுவார் நோய்களுக்காக ஏற்பட்டது. ரத்தத்தில் கிருமி உள்ள நோயாளி அங்கே போக வேண்டியவர் அல்லர்.

முதல் படி: தேடலை ஒத்திவைத்துவிட்டு ஊசியைப் போடச் சொல்லுங்கள்

கடுங்குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல், பேச்சுக் குழறுதல் அல்லது ஆள் அடையாளம் தெரியாமல் போதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், சிறப்பு மருத்துவரின் பெயரை விசாரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்ப்பதுதான் செய்ய வேண்டியது. ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. நல்ல மருத்துவர் வேலூரில் இருக்கிறார் என்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்து ஊசி போடாமல் காரில் கிளம்புவது அந்த ஒரு மணி நேரத்தை நெடுஞ்சாலையில் கொட்டிவிட்டு வருவதற்குச் சமம்.

அந்த அவசரத்திலும் ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் விட்டுவிடாதீர்கள்: முதல் ஊசிக்கு முன்னால் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பெரியவர்களுக்கு வெவ்வேறு இரண்டு இடங்களிலிருந்து இரண்டு செட் எடுக்க வேண்டும். ஒரு செட் என்பது இரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லிலிட்டர் ரத்தம். இவ்வளவு ரத்தமா என்று உறவினர்கள் பதறுவதைப் பார்த்திருக்கிறேன்; ஆனால் கிருமி ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்கூட இருக்கலாம் என்பதால், குறைந்த ரத்தத்தில் அது அகப்படாமலே போகக்கூடும். ஒரே பாட்டிலோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. டயாலிசிஸ் குழாயோ மருந்து ஏற்றும் குழாயோ உடலில் இருந்தால், குழாயிலிருந்து ஒரு செட், கை நரம்பிலிருந்து ஒரு செட் என்று ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்வது நல்லது. குழாயிலிருந்து எடுத்த பாட்டில் மற்றதைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு வளர்ச்சி காட்டினால், கிருமியின் வீடு அந்தக் குழாய்தான் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

இரண்டாம் படி: கல்ச்சர் தாளைத் துரத்துங்கள்

சிறப்பு மருத்துவரிடம் போகும்போது நம் கையில் இருக்க வேண்டிய நுழைவுச்சீட்டு இந்தத் தாள்தான். பாட்டில்கள் ஆய்வகத்தில் ஒரு கருவிக்குள் ஐந்து நாள்வரை வைக்கப்படுகின்றன. முக்கியமான கிருமிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் வளர்ந்து, கருவியே ஒலி எழுப்பும். அன்றைக்கே சாயம் தோய்த்து நுண்ணோக்கியில் பார்த்து, உருண்டையா குச்சியா, ஊதாவா சிவப்பா என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். திராட்சைக் குலைபோலத் திரண்ட ஊதா உருண்டைகள் என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் குடும்பம். கிருமியின் முழுப் பெயரும், எந்த மருந்துக்குப் பணியும் என்ற பட்டியலும் வர மேலும் ஒன்றிரண்டு நாள் ஆகும்.

இந்த இடைவெளியில்தான் தாள் தொலைகிறது. அப்பாவை முதலில் சேர்த்த சிறிய மருத்துவமனையிலிருந்து இரண்டாம் நாள் வேறிடத்துக்கு மாற்றினோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் கல்ச்சருக்கு எதிரே "முடிவு வரவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. முடிவு மறுநாளே வந்திருக்கிறது; வாங்க ஆள் இல்லாததால் ஆய்வக மேசை டிராயரிலேயே கிடந்திருக்கிறது. நான்காம் நாள் நான் நேரில் போய்க் கேட்ட பிறகுதான் கைக்குக் கிடைத்தது. ஆகவே எங்கே மாற்றினாலும் ஆய்வகத்தின் தொலைபேசி எண், மாதிரி எண், எடுத்த தேதி, நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் ஒருவரை இந்த வேலைக்கென்றே நியமித்துவிடுங்கள்.

தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். எஸ் என்றால் கிருமி பணியும். ஆர் என்றால் பணியாது. ஐ என்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. பக்கத்தில், கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மருந்தளவைக் குறிக்கும் ஓர் எண்ணும் இருக்கும். எண் குறைவாக உள்ள மருந்துதான் வீரியமானது என்று நினைத்து, "ஏன் டாக்டர் இதைக் கொடுக்கவில்லை" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த எண்ணை மருந்துக்கு மருந்து ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று பெயர் வந்திருந்தால், பட்டியலில் செஃபாக்ஸிட்டின் அல்லது ஆக்ஸாசிலின் என்ற வரியைப் பாருங்கள்: அங்கே ஆர் இருந்தால் அது பென்சிலின் வகை மருந்துகள் பெரும்பாலானவற்றுக்குப் பணியாத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை, எஸ் இருந்தால் சாதாரண வகை. இந்த ஓர் எழுத்து சிகிச்சையின் திசையையே மாற்றும்.

மூன்றாம் படி: சிறப்பு மருத்துவர் கட்டாயம் தேவையா என்று பாருங்கள்

எல்லோருக்கும் தேவைப்படாது. சிக்கல் இல்லாத டைபாய்டும் ரத்தத்தில் பாயும் கிருமிதான். அதைப் பொது மருத்துவர் நன்றாகவே பார்த்துவிடுவார். விடால் என்ற பழைய ரத்தச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவுகட்டுவது வேறு வம்பு. நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் தோலில் வாழும் சாதுவான ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்திருந்தால், பெரும்பாலும் அது ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும்.

ஆனால் தாளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று இருந்தால் வேறு பேச்சே இல்லை, ஐ.டி. மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அவர் பார்த்த நோயாளிகளில் இறப்பு குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தக் கிருமி இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு என்று எங்கும் போய் ஒளிந்துகொள்ளும் குணம் கொண்டது. அதுபோல, செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், மாற்று மூட்டு, டயாலிசிஸ் குழாய் உள்ளவர்களுக்கும், சரியான மருந்து மூன்று நாள் போட்டும் காய்ச்சல் விடாதவர்களுக்கும், இரண்டாம் கல்ச்சரிலும் அதே கிருமி வளர்ந்தவர்களுக்கும் தேவை. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளின் பட்டியலில் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கு எதிரே ஆர் இருந்தாலும் தேவை. இந்த எதிர்ப்புத் திறனைத் தரும் என்.டி.எம்.-1 என்ற நொதி பற்றி 2010-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. அதாவது இது நம் ஊருக்குப் பழகிய சிக்கல்தான்.

சர்க்கரை நோயுள்ள விவசாயிகள் வீட்டில் கூடுதலாக ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டி இது அதிகம் தலைகாட்டும். பழக்கமில்லாத ஆய்வகங்கள் இதைச் "சூடோமோனாஸ் வகை" என்று எழுதி அனுப்பிவிடுவதும், நுரையீரல் படத்தைப் பார்த்துக் காசநோய் மருந்து தொடங்கிவிடுவதும் நடக்கிறது. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் பணியாமல், கோ-அமாக்ஸிகிளாவுக்குப் பணியும் "சூடோமோனாஸ்" ஒன்று தாளில் இருந்தால், மண்ணீரலிலோ கல்லீரலிலோ சீழ்க்கட்டியும் இருந்தால், ஐ.டி. மருத்துவரிடம் அந்த வரியைக் காட்டி, வயல் வேலையையும் சொல்லுங்கள். ஊசி மருந்து குறைந்தது இரண்டு வாரமும் அதன்பின் மாத்திரை மூன்று மாதமும் தேவைப்படும் நோய் இது. ஒரு வாரத்தில் நிறுத்தினால் திரும்பிவிடும்.

நான்காம் படி: ஆளைக் கண்டறிதல்

பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். எம்.டி. பொது மருத்துவம் முடித்து, தொற்றுநோய்ப் பிரிவில் டி.எம்., டி.ஆர்.என்.பி. அல்லது எஃப்.என்.பி. என்ற உயர்சிறப்புத் தகுதி பெற்றவர் முறையாகப் பயின்ற ஐ.டி. மருத்துவர். வெளிநாட்டில் இத்துறையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களும் நல்ல எண்ணிக்கையில் இருக்கிறார்கள். எம்.டி. நுண்ணுயிரியல் படித்தவர் ஆய்வகத்துக்குப் பொறுப்பானவர். நோயாளியை நேரடியாகப் பார்ப்பது அவர் வேலை இல்லையென்றாலும், ஐ.டி. மருத்துவர் இல்லாத ஊரில் அவரும் பொது மருத்துவரும் கலந்து பேசினாலே பாதிக் கிணறு தாண்டியதாகும். மருத்துவரின் பதிவு எண் மருந்துச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

வேலூர் சி.எம்.சி.யில் இதற்கெனத் தனித்துறையும் டி.எம். படிப்பும் உள்ளன. சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் ஐ.டி. மருத்துவர்கள் இருக்கிறார்கள், வேறு பெருநகரங்களில் சிலர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெரும்பாலும் இது பொது மருத்துவத் துறைப் பேராசிரியர்களின் பொறுப்பில்தான் நடக்கிறது, பலர் வருடக்கணக்கில் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) பார்த்துப் பழுத்தவர்கள், பலகையில் "ஐ.டி." என்று இல்லாததால் அங்கே ஆளில்லை என்று நினைத்துவிட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று மாற்றுவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற வரம்பு பெரிதாகத் தெரியும்; வெளிநோயாளியாகப் போட்டுக்கொள்ளும் நீண்டகால ஊசிகளுக்கு அது உதவுமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: நோயாளி இருக்கட்டும், கோப்பு போகட்டும்

பலரும் தவறவிடும் படி இது. தீவிர சிகிச்சையில் இருப்பவரை வென்டிலேட்டரோடு நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவதைவிட, மருத்துவரை நோயாளியிடம் வரவழைப்பதோ, கோப்பை மட்டும் அவரிடம் கொண்டுபோவதோ பல நேரங்களில் போதும். முதலில் தற்போது பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். கேட்கும் முறை முக்கியம். "உங்கள் மேல் நம்பிக்கை இல்லை" என்ற தொனி வந்துவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். "டாக்டர், நீங்களே தொடர்ந்து பாருங்கள், மருந்து எத்தனை நாள் என்பதற்கு மட்டும் ஐ.டி. கருத்து ஒன்று வாங்கலாமா? நீங்களே யாரையாவது சொன்னால் நல்லது" என்று நான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் செல்பேசியை எடுத்துத் தாமே ஒருவரை அழைத்தார். மருத்துவருக்கு மருத்துவர் தொலைபேசியில் பேசுவது போல எளிய வழி வேறில்லை. 2020-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இத்தகைய ஆலோசனைக்கு இடம் தருகின்றன.

கோப்போடு ஆள் போவதானால் கையில் இருக்க வேண்டியவை: கல்ச்சர் தாள் முழுவதும், மருந்துப் பட்டியல் உள்ள பக்கம் உட்பட, எந்த ஆன்டிபயாடிக் எந்தத் தேதியில் எந்த அளவில் தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்ற குறிப்பு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவுகள், உடல் எடை, எக்கோ (இதயத்தின் ஒலி அலைப் படம்), ஸ்கேன் படங்கள், உடலில் உள்ள குழாய்கள் ஒவ்வொன்றும் போட்ட தேதி, பென்சிலின் ஒவ்வாமை உண்டா, இருந்தால் அன்று சரியாக என்ன நடந்தது என்பது. கடைசியாகச் சொன்னதில் கவனம் தேவை. சிறுவயதில் ஊசி போட்டபோது மயக்கம் வந்ததை ஒவ்வாமை என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், மிகச் சிறந்த மருந்து ஒன்றை இழக்க நேரிடும். மருத்துவமனை கோப்பு நகல் தர மறுத்தால், எழுத்தில் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 நெறிமுறை விதி சொல்கிறது. சண்டை போடாமல் அந்த வரியை மனுவில் எழுதிக் கொடுத்தாலே வேலை நடக்கும்.

ஆறாம் படி: வந்தவர் சரியான ஆளா என்று கவனியுங்கள்

அப்பாவைப் பார்க்க வந்த ஐ.டி. மருத்துவர் முதலில் மருந்துச் சீட்டைத் தொடவே இல்லை. கழுத்துக் குழாயின் கட்டைப் பிரித்து, தோலில் குழாய் நுழையும் இடத்தை அழுத்திப் பார்த்தார். நகங்களையும் பல் ஈறுகளையும் கால் விரல் இடுக்குகளையும் பார்த்தார். பிறகு அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியாக முஷ்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே வந்ததும் அப்பா முகம் சுளித்தார். இரண்டு வாரமாக முதுகு வலி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். கட்டிலில் படுத்தே கிடப்பதால் வரும் வலி என்று நாங்கள்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கிருமி முதுகெலும்பு வட்டில் குடியேறியிருந்தது தெரிந்தது.

அதன் பிறகுதான் மருந்து. அதுவரை மெரோபெனம், வான்கோமைசின் என்று இரண்டு பெரிய மருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் போடும் செஃபாசோலின் என்ற பழைய, விலை குறைந்த ஒரே ஊசியை எழுதினார். மருந்தைக் குறைக்கிறாரே என்று மாமா கலங்கிப்போனார். அப்பாவின் தாளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றும், செஃபாக்ஸிட்டினுக்கு எதிரே எஸ் என்றும் இருந்ததால், அந்த வகை ஸ்டெஃபைலோகாக்கஸை வான்கோமைசினைவிடச் செஃபாசோலின் நன்றாகக் கொல்லும் என்று மருத்துவர் விளக்கினார். தேர்ந்த ஐ.டி. மருத்துவரின் வருகைக்குப் பிறகு மருந்துகளின் எண்ணிக்கை கூடுவதைவிடக் குறைவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் டயாலிசிஸ் குழாயை எடுக்கச் சொன்னார். இதய வால்வைப் பார்க்க எக்கோவும், அது தெளிவாக இல்லாததால் தொண்டை வழியாக எடுக்கும் எக்கோவும் கேட்டார். கிருமி அற்றுப்போகும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் கல்ச்சரைத் திரும்ப எடுக்கச் சொன்னார். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நோயாளிக்கு இவற்றில் எதையும் சொல்லாமல் "இன்னும் பவரான மருந்து போடலாம்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: கிருமி எங்கிருந்து வந்தது, அந்த இடத்தை எப்படிச் சுத்தம் செய்யப் போகிறீர்கள், மருந்து எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு. மூன்றாவதற்கு உள்ள பதில் கிருமிக்குக் கிருமி மாறும். சிறுநீர்ப் பாதையிலிருந்து வந்த ஈ.கோலை என்ற கிருமிக்கு, அடைப்பு ஏதும் இல்லாவிட்டால் 7 நாள் போதுமானதாக இருக்கலாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு எந்தச் சிக்கலும் இல்லாவிட்டாலும் குறைந்தது 14 நாள். வால்விலோ எலும்பிலோ ஏறியிருந்தால் 4 முதல் 6 வாரம் அல்லது அதற்கும் மேல். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு இந்தக் கணக்கு மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல, கல்ச்சரில் கிருமி வளராத முதல் நாளிலிருந்து. அப்பாவுக்கு 6 வாரம் என்று தீர்மானமாயிற்று.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

நீண்டகால ஊசிக்காகக் கையிலிருந்து மார்புவரை போகும் மெல்லிய நீண்ட குழாயைப் போட்டு அனுப்புவது வழக்கம். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். பின்னால் டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் வழி) போடுவதற்கு வேண்டிய நரம்பு அதில் கெட்டுவிடும். டிஸ்சார்ஜ் மேசையில் இதை நினைவூட்ட வேண்டியவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான். வாரம் ஒருமுறை ரத்த அணுக்கள், கிரியேட்டினின் சோதனை, ஊசி முடியும் தேதி, அந்தத் தேதியில் யாரைப் பார்ப்பது ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி முடிந்த பிறகும் மூன்று மாதம்வரை கிருமி திரும்பி வர வாய்ப்புண்டு. அந்தக் காலத்தில் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு பட்டை ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். இரண்டு மாத்திரை உள்ளே போனாலே அடுத்த கல்ச்சரில் கிருமி அகப்படாமல் போகலாம். பழைய கல்ச்சர் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், ஊசிக்கு முன்னால் நான்கு பாட்டில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.